கொரில்லாவுக்குச் சளி பிடிக்கக் கூடாது

உகாண்டா வரை போய், மலைக்காட்டின் வாசலில் நின்று, கொரில்லாவைப் பார்க்காமல் திரும்பி வந்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மறைத்தாலும் என் அக்கா சொல்லிவிடுவாள். பெங்களூரில், எங்கள் காக்ஸ் டவுனில், அவள் போய்ச் சொல்லாத வீடு இன்னும் இரண்டோ மூன்றோதான் பாக்கி.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒன்பதாம் வகுப்புக்குப் பாலூட்டிகள் பற்றிப் பாடம் எடுக்கிறேன். புடவை, நகை, சொந்த வீடு எதிலும் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. கொரில்லாவை அதன் காட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்னால், ஐம்பது வயது முடிந்த கையோடு, போயே தீருவது என்று கிளம்பினேன். தனியாகப் போகப் பயம். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ரோசி அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுபவள், அறுபது வயது, பிறந்ததிலிருந்து மலை என்று ஏறியது ஊட்டிக்கு, அதுவும் பஸ்ஸில்.

"குரங்கு பார்க்க அவ்ளோ தூரமாடி? நம்ம மொட்டை மாடிக்கே டெய்லி வருதே?"

"அக்கா, அது குரங்கு. இது கொரில்லா."

"ரெண்டுக்கும் கை கால் அதே கணக்குதானே?"

ஒருவழியாகச் சம்மதித்தாள். அதன் பிறகு நான் மனுஷியாக இல்லை. பிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். தினமும் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் வேக நடை. சாயந்திரம் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு மொட்டை மாடிப் படிக்கட்டில் இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். காட்டில் அரிக்கும் செடி இருக்குமாம், அதற்குத் தோட்டக்காரர் போடும் தடித்த கையுறை. எறும்பு ஏறாமல் இருக்க பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அக்கா வாழ்நாளில் பேன்ட் போட்டதில்லை. முதல் நாள் பேன்ட் போட்டு, அதன் மேலேயே புடவையும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். (நான் பத்தடி முன்னால் நடந்தேன். அக்கா என்றும் பார்க்கவில்லை.) மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு வரிசையில் நின்று, போட்டதற்குச் சான்றாகத் தந்த மஞ்சள் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அக்கா தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பயண ஏற்பாட்டாளர்களிடமிருந்து கடைசியாக ஒரு மெயில் வந்தது. சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் கொரில்லா பக்கம் போக அனுமதி இல்லை. மனிதனுக்கு வரும் சாதாரணச் சளி அதற்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்ததோ ஒரே ஒரு நாளுக்கு. அன்றைக்கு மூக்கு ஒழுகினால் கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா பிரயாண ஜெபத்துக்கு நாள் குறித்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் ஜெபம் வைக்காமல் வெளிநாடு கிளம்ப மாட்டார்கள். ஓசூரில் வேலை கிடைத்த சித்தப்பா மகனுக்கே ஜெபம் வைத்து அனுப்பியவர்கள் நாங்கள். அக்கா வீடு வீடாகப் போய் நாற்பது பேரைக் கூப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்பது பேர் வருவார்கள், பாடுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், தலையில் கை வைப்பார்கள். அதுவும் மழைக்காலம்.

"கேன்சல் பண்ணு," என்றேன்.

"ஜெபம் இல்லாம நான் பிளேன் ஏற மாட்டேன். நீ மட்டும் போ, போய் உன் கொரில்லாவோட உக்காரு."

கடைசியில் ஒரு சமரசம். சளி இருப்பவர்கள் மட்டும் வர வேண்டாம். அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்றேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"நேர்ல போய்க் கூப்பிட்டவங்களை போன்ல வேணாம்னு சொல்றதா? அம்மா இருந்திருந்தா உன்னைக் கொன்னிருப்பா. போய் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வா."

அவள் சொன்னது நியாயம் என்றே எனக்கும் பட்டது. இரண்டு சாயந்திரம், கையில் ஒரு நோட்டோடு, யார் யாருக்குச் சளி என்று விசாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சளி இல்லாத வீட்டில் வாசலிலேயே இரண்டு நிமிஷம். சளி இருக்கும் வீட்டில் அப்படி முடியுமா? 'நீங்க வராதீங்க' என்று சொல்லிவிட்டு உடனே எழுந்து வந்தால் நன்றாகவா இருக்கும்? உட்கார வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று கேட்க வேண்டும். காபி கொடுத்தால் குடிக்க வேண்டும். அதாவது, எந்த வீட்டில் இருமல் அதிகமோ அந்த வீட்டில் நான் அதிக நேரம் இருந்தேன். மாஸ்க் பையிலேயே இருந்தது. ஒரு வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு போனால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? (கொரில்லா மனசு நோகாது என்பதால் மாஸ்க் அதற்கென்று வைத்திருந்தேன்.)

தாசன் அங்கிள் வீட்டில் முக்கால் மணி நேரம். எழுபத்தைந்து வயது, தனிக்கட்டை, எங்கள் வீட்டு ஜெபம் ஒன்றைக்கூட விட்டதில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கைக்குட்டையில் ஒரு தடவை இருமிக்கொண்டார்.

"நான் வந்தா உன் கொரில்லாக்கு ஆகாதுன்றே. சரிம்மா, நோ பிராப்ளம். இங்கியே உனக்காக ஜெபம் பண்ணிர்றேன்."

என் தலையில் இரண்டு கையையும் வைத்து, நடுநடுவே இருமிக்கொண்டே, நீளமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு பெயரை அடித்தாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கிருமி எப்படிப் பரவும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற அதே நான்தான்.

சனிக்கிழமை ஜெபக்கூட்டம். கேட் வாசலில் நான், கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் காய்ச்சல் கருவியோடு நின்றேன்.

"என்னா ஷீலா இது, ஜெபத்துக்கு வந்தவங்களுக்குத் துப்பாக்கி காட்டுறே?" என்றார் மேபல் ஆன்ட்டி, பாடகர் குழுவில் அக்காவின் பக்கத்தில் நிற்பவர்.

"ரூல்ஸ் ஆன்ட்டி."

பாஸ்டரையும் விடவில்லை. அவர் பாவம், தொப்பி கழற்றுவது போல் முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினார். இருபத்து மூன்று பேர், அத்தனை பேரும் சுத்தம். நாற்காலிகளை முற்றத்தில் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தேன். பாட்டு முடிந்தது. பாஸ்டர் கண்களை மூடி, "இந்தச் சகோதரிகளை எந்த வியாதியும் அணுகாதபடிக்கு..." என்று உருக்கமாக ஆரம்பித்தார்.

எனக்கு மூக்கு அரித்தது. மூச்சை அடக்கினேன். பைபிளில் தெரிந்த சங்கீதம் எல்லாம் மனசுக்குள் சொன்னேன். பிறகு தும்மினேன். சாதாரணத் தும்மல் இல்லை, எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதோடு நின்றிருந்தாலும் மிளகாய் நெடி என்று சமாளித்திருப்பேன். ஏழு தும்மல். பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

மேபல் ஆன்ட்டி நிதானமாக எழுந்து, மேஜையில் இருந்த கருவியை எடுத்து, என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

"நூறு பாயின்ட் நாலு. ஷீலா, கேட்டுக்கு வெளில போம்மா. ரூல்ஸ்."

ஆமென் சொல்வதற்குள் மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. என் வீட்டு ஜெபத்தில், எனக்காக வைத்த ஜெபத்தில், நான் தெருவில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து வெஜிடபிள் பஃப்ஸ் தின்றேன். அக்காதான் கேட் இடுக்கு வழியாக நீட்டினாள்.

அதற்குப் பிறகு கிளம்பும் வரை பின்னறையில் நான் ஒற்றைக் கைதி. ஆவி, கஷாயம், மாத்திரை எல்லாம் ஆனது. காய்ச்சல் போய்விட்டது, தும்மலும் நின்றது. ஆனால் உகாண்டாவில் அந்தக் காலையில், காட்டு வாசலில் எட்டுப் பேரோடு நான் நின்றபோது, தொண்டையில் அரிப்பும் மூக்கில் லேசான ஈரமும் இருந்தன. வெளியே யாருக்கும் தெரியாது. உடம்பு சரியில்லாதவர்கள் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும் என்றார் வனக்காவலர். அக்கா என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

மாஸ்க் போட்டிருப்போம், ஒரே ஒரு மணி நேரம், ஒன்றும் ஆகாது என்று மனசு வக்காலத்து வாங்கியது. ஆனால் தாசன் அங்கிளின் முகம் வந்து நின்றது. இந்தக் கொரில்லாவுக்காகத்தான் அவரை எங்கள் வீட்டு முற்றத்துக்கே வரவிடாமல் செய்தேன். இப்போது நான் மட்டும் சளியோடு அதன் வீட்டுக்குள்ளேயே நுழைவதா? கையைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன்.

"நானும் போகல," என்றாள் அக்கா.

"நீ போயே ஆகணும். எனக்குப் பதிலாப் பாத்துட்டு வா."

கைபிடித்து ஏற்றிவிட வந்த சுமைக்காரப் பையன்கள் வேண்டாம் என்று சொல்லி, ஒரு பெண் சுமைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகியபடி என் அக்கா மலை ஏறினாள். மத்தியானம் தலை முதல் கால் வரை சேறோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஷீலா, அது என்னைப் பாத்துச்சுடி. குட்டியை மடில வெச்சிக்கினு, கண்ணுக்குள்ள பாத்துச்சு." அவளும் அழுதாள்.

அன்றைக்கு மௌனமாக இருந்ததோடு சரி, அதற்கப்புறம் அவள் வாய் மூடவே இல்லை. கல்யாணம், ஞாயிறு ஆராதனை, பால் பூத் வரிசை, எங்கும் கொரில்லாதான். விஷயம் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்குப் போய், ஒன்பதாம் வகுப்புக்குச் சிறப்பு விருந்தினராக அக்காவைக் கூப்பிட்டார்கள். இப்போது வருடா வருடம் வருகிறாள். என் வகுப்பில், என் பாடத்தை, என் அக்கா எடுக்கிறாள். நான் ஓரத்தில் நின்று லேப்டாப்பில் அடுத்த படத்துக்குப் பொத்தான் அழுத்துகிறேன். ஒரு பிள்ளைகூட ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

முதல் வருடம் ஒரு பெண் கேட்டாள், "நம்ம மிஸ் பாக்கலையா ஆன்ட்டி?"

"வந்தாங்க கண்ணு, வாசல் வரைக்கும் வந்தாங்க. காக்ஸ் டவுன்ல யாருக்கெல்லாம் சளியோ அவங்க வீட்லல்லாம் உக்காந்து காபி குடிச்சிட்டு வந்தாங்க. அதான் உள்ள விடல."

அன்றிலிருந்து வீட்டில், சர்ச்சில், வகுப்பில், எங்கே யார் தும்மினாலும் ஒரே கேள்விதான். போன வாரம் சாக்பீஸ் தூளில் எனக்கே ஒரு தும்மல் வந்தது. கடைசி பெஞ்சு வரை நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டார்கள்: "மிஸ், எந்த வீட்ல காபி குடிச்சீங்க?"