சித்தியைக் கேட்காத மதிப்பீடு

மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவனோடு மூன்று மாதத்துக்கு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிப் போய்விட்டு வந்தவன் நான்தான்.

கொழும்பில் ஒரு ஹோட்டலில் ‘மாற்றக் கோட்பாடு’ படித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு திட்டம் எந்த வழியாக மாற்றத்தைக் கொண்டுவரும் என்று முதலில் படம் போட்டுக்கொண்டு, பிறகு அந்த வழியாகத்தான் வந்ததா என்று பார்க்கிற வித்தை. பெட்டி, அம்புக்குறி, மறுபடி பெட்டி. “நம்முடைய ஊகமெல்லாம் அம்புக்குறிக்கு அடியில்தான் இருக்கும், அங்கே நின்று ஏன் என்று கேளுங்கள்” என்று பயிற்சியாளர் தொண்டை வற்றச் சொன்னார். நான் எந்தப் பெட்டிக்கு எந்த நிறம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். (பகல் சாப்பாடு பிரமாதம். அதைக் குறிக்காமலே நினைவிருக்கிறது.)

முதல் மதிப்பீட்டு வேலை எங்கள் ஊர் மஹய்யாவையிலேயே கிடைத்தது. ஒரு சின்ன நிறுவனம் பெண்களுக்கு மாலைநேரச் சிங்கள வகுப்பு நடத்தியது. சந்தையில் மீன் விலை பேசுகிற சிங்களம் எங்கள் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அரசாங்க அலுவலகத்துக் கந்தோர்ச் சிங்களம் வேறு. ஒரு பிறப்புச் சான்றிதழுக்குப் போய், ‘அந்தக் கடிதம் இல்லை, நாளைக்கு வா’ என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். முதல் வருடம் பேச்சு, இரண்டாம் வருடம் எழுத்து என்று திட்டம். முதல் வருடம் பலித்ததா என்று நான் சொன்னால்தான் இரண்டாம் வருடம் உண்டு.

அந்த வகுப்பில் அடுத்த வீட்டுச் செல்விச் சித்தியும் இருந்தார். அம்மாவின் தங்கை, டவுனில் புடவைக்கடையில் வேலை. எழுத்து வகுப்புக்கென்று கொப்பி வாங்கி உறைகூடப் போட்டுவிட்டார்.

நான் படம் போட்டேன். வகுப்புக்கு வந்தால் பேச வரும். பேச வந்தால் பெண்கள் தாங்களே கந்தோருக்குப் போவார்கள். போனால் காரியம் நடக்கும். ஆகவே கந்தோருக்குப் போகிறவர்களை எண்ண வேண்டும். சொந்தக்காரருக்குச் சாதகமாக எழுதினான் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று கேள்வி கேட்கவேண்டியவர்கள் பட்டியலிலிருந்து சித்தியின் பெயரை வெட்டினேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு சித்தி ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தார்.

“தம்பி, அந்தக் கந்தோர் விசயம் ஒன்னு சொல்லணும்யா.”

நான் கையை உயர்த்தினேன். “சித்தி, நீங்க பயனாளி. இதையெல்லாம் வீட்டுல வச்சுப் பேசக்கூடாது.”

“நான் உன் சித்திடா.”

“அதுதான் சித்தி பிரச்சினையே!”

அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டு, “இவனுக்குக் காய்ச்சலா இருக்கும்” என்றார். சித்தி அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தார். நான் நியாயஸ்தலத்து நீதவானைப் போல எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் முதல் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். “முந்தியெல்லாம் கந்தோருக்குப் போவீங்களா?” “அடிக்கடி போவோம்.” “இப்ப?” “இப்ப போறதே இல்லங்க.” படிவத்தில் ‘இல்லை’ என்று கோடு போட்டேன். ஏன் என்று எழுத அதில் இடமில்லை. (படிவத்தைத் தயாரித்ததும் நான்தான்.) ஒரு அக்கா பொறுக்காமல், “அதெல்லாம் உங்க சித்திகிட்டயே கேளுங்களேன் தம்பி” என்றார். நான் புன்னகைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

‘மூன்றாம் பெட்டியில் திட்டம் தோல்வி’ என்று அறிக்கை அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, முடிவைப் பெண்களுக்கு விளக்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். வாசிகசாலையில் உட்காரப் போட்ட கதிரைகள் நிறைந்திருந்தன. படத்தைச் சுவரில் ஒட்டி, மூன்றாம் பெட்டியில் சிவப்பில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டுக் காட்டினேன்.

சித்தி எழுந்தார். மேடத்தைப் பார்த்து, நிதானமான கந்தோர்ச் சிங்களத்தில் பேசினார். முன்பு ஒரே காரியத்துக்கு ஆறு தடவை அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போனது. இப்போது நானோ இன்னொருத்தியோ முதலில் போன் எடுத்து என்னென்ன வேண்டும் என்று கேட்கிறோம். எல்லாருடைய கடிதங்களையும் சேர்த்து எங்களில் ஒருவர் கொண்டுபோகிறார். அதனால்தான் மற்றவர்கள் போவதில்லை. காரியம் நடக்கிறது.

மேடம் என்னிடம் திரும்பினார். “இது ஏன் அறிக்கையில் இல்லை?”

“அவங்க... என்னோட சித்தி, மேடம்.”

“அதனால்?”

சபை சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் சிரிப்பு நின்றது. சித்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. நான் திருத்த அறிக்கை எழுதினேன், இரண்டு கடிதம் போட்டேன். பதிலே வரவில்லை. எழுத்து வகுப்பு தொடங்கவேயில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டால், சித்தியின் மகள், “அண்ணே, நீங்க பயனாளி, பேசக்கூடாது” என்று வாளியோடு நகர்ந்துவிடுவாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது சித்திதான்.

போன வாரமும் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். கந்தோரில் தமிழ்ப் படிவம் தீர்ந்துவிட்டதாம், வழக்கம்போல. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் வாய்விட்டு வாசிக்கும்போது ஒரு சொல் பிசகினால் உடனே திருத்துகிறார். எழுத்தில் பிழை விட்டால் அவருக்குத் தெரியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.