காதும் திருப்புளியும்

காசிமேட்டில் எந்த விசைப்படகின் எஞ்சினும் மெக்கானிக் 'காது'வின் அனுமதியின்றி நின்றதில்லை. அப்படி நின்றிருந்தால் அது ஒழுக்கங்கெட்ட எஞ்சின் என்பதே துறைமுகத்தாரின் ஒருமித்த கருத்து. அவருடைய இயற்பெயரை எங்கள் கல்மண்டபம் பகுதியில் எவரும் அறியார். திருகாணி முடுக்கும் முழ நீளத் திருப்புளியின் நுனியை ஓடும் எஞ்சினின்மீது ஊன்றி, கைப்பிடியை வலக் காதில் பொருத்திக் கண்களை மூடுவார். படகுக்காரர்கள் மூச்சடக்கி நிற்பார்கள். பிறகு, எந்தச் சிலிண்டரில் என்ன நோய் என்று அறிவிப்பார். ஒருமுறை அவ்வாறு கேட்டுவிட்டு, எஞ்சினில் பழுதில்லை, ஓட்டுபவருக்குத்தான் வயிறு சரியில்லை என்றார். அதுவும் மெய்யாகவே இருந்தது.

ஈராண்டுகளுக்கு முன் அதே காதின்கீழ் ஒரு கட்டி தோன்றியது. முப்பது ஆண்டுகளாகக் கைப்பிடி அழுத்தியதால் வந்த காய்ப்பு என்று தாமே முடிவுசெய்து, திருப்புளியை இடக் காதுக்கு மாற்றி, வலக் காதுக்கு ஆறு மாத விடுப்பு அளித்தார். விடுப்பில் கட்டி செழித்து வளர்ந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் மிக அபூர்வமான புற்றுநோய் என்று மருத்துவமனையில் கண்டறிந்தார்கள். கைப்பிடிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் மும்முறை எடுத்துரைத்தும், காது ஒரு வாரம் திருப்புளியோடு பேசவில்லை.

'அபூர்வம்' என்ற சொல் மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அறுவை முடிந்து கழுத்துக் கட்டோடு வந்தவர், எங்கள் தெருமுனையிலுள்ள தம் பட்டறை வாசலில் என்னை நிறுத்தினார்.

"சுகரு, பிரஷரு எல்லார்கிட்டயும் கீது சார். இது ஏரியாவுலயே நம்மகிட்ட மட்டும்தான். டாக்டருங்களே பொஸ்தகத்த பாத்துகினுதான் வந்து பேசறாங்க."

அதன்பின் தேநீர்க் கடையில் மூட்டுவலி என்று பேச்செடுத்தவர்களை அவர் கைச்சைகையாலேயே அமர்த்திவிடுவார்.

நோயின் மிச்சம் நுரையீரலில் புள்ளிகளாகத் தங்கியிருந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். துணைக்குச் சென்றிருந்த என் முன்னிலையில்தான் மருத்துவர் அந்தச் செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: இந்த மருந்து சிலருக்குச் செவித்திறனைக் குறைத்துவிடும்.

நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன். காது, எந்தச் சத்தம் முதலில் போகும் என்று கேட்டார். மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் என்றார் மருத்துவர்.

"கொசு, போனு, எம் மச்சான் பாடற பாட்டு. போவட்டும். டீசல் எஞ்சின்?"

அது கடைசியில்தான் போகும், போகாமலும் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்போம், அதுவும் குறையத் தொடங்கினால் மருந்தை மாற்றுவோம் என்றார் அவர்.

"அப்ப ஊத்து நைனா."

செவிச் சோதனைக்காக அவரை ஒலிபுகா அறையில் அமர்த்தி, 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். காது விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். கருவி பழுதோ என்று பதறி வந்த பணியாளரிடம், பீப் கிடக்கட்டும், மேலே காற்றாடியில் தேய்ந்த பேரிங் ஓயாமல் கத்துகிறது, அதை முதலில் கவனி என்றார். அன்று மாலை அந்தக் காற்றாடி நின்றுபோயிற்று. மறுமுறை நாங்கள் சென்றபோது அவருக்கு வணக்கம் சொல்லாத ஊழியர் இல்லை.

மருந்தேற்றும் கூடத்தில் நிகழ்ந்ததோ இன்னும் விபரீதம். இடுப்பில் செருகி வந்த திருப்புளியைத் தம் மருந்துப் பம்பின்மீது ஊன்றிக் கேட்டு, ஓட்டம் சுத்தம் என்று சான்றளித்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் தம் பம்பையும் பார்க்கச் சொன்னார். அதற்கடுத்த படுக்கையிலிருந்த திருவொற்றியூர் அம்மையார், பம்பு இருக்கட்டும், என் நெஞ்சைக் கேள் என்றார். செவிலியர் வந்து பார்த்தபோது நான்கு நோயாளிகள் மருந்துக் குழாய்களோடு வரிசையில் நின்றார்கள்.

"அண்ணா, இது இன்னா வார்டா, ஒர்க்‌ஷாப்பா?"

"ஆயாவுக்கு நெஞ்சு வால்வு ரெண்டும் சோக்கா கீதுமா. நீ பேஜாராவாத."

அன்றுமுதல் திருப்புளி பறிமுதல் செய்யப்பட்டு, அவருடைய மருத்துவக் கோப்போடு சேர்த்துக் கட்டிவைக்கப்பட்டு, வீடு திரும்புகையில் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்பட்டது.

நான்காம் மருந்துக்குப் பின், கொசு ஒழிந்துவிட்டதாக அவர் ஊரெல்லாம் அறிவித்தார். எங்கள் தெருவில் கொசு ஒழியவில்லை. அடுத்த வாரம் படகுக்காரர்கள் பலமுறை அழைத்தும், அருகிலேயே கிடந்த கைப்பேசியை அவர் எடுக்கவில்லை. புள்ளிகள் சிறுத்துவருகின்றன என்ற நற்செய்தியும் அந்நாட்களில்தான் வந்தது. மருந்தை இன்னும் சில முறை தொடரலாம் என்று மருத்துவர் சொல்ல, அவரும் உற்சாகமாகத் தலையசைத்தார். எனக்குத்தான் உறக்கமில்லை.

ஆகவே ஒரு சூழ்ச்சி செய்தேன். பழுதே இல்லாத என் ஸ்கூட்டரை அவரிடம் கொண்டுபோய், ஏதோ சத்தம் வருகிறது என்றேன். எஞ்சின் கேட்காவிட்டால் இல்லாத பழுதைச் சொல்லி மாட்டிக்கொள்வார் என்பது என் கணக்கு. அவர் திருப்புளியை ஊன்றிக் கண்களை மூடினார். வழக்கத்தைவிடச் சற்று அதிகநேரம் மூடியிருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

மறுவாரமும் போனேன். பிறகும் போனேன். ஆறாம் மருந்துக்குப் பின்னும் அவர் அப்படியே கேட்டு, அதையே சொன்னார். பிறகு துணியால் திருப்புளியைத் துடைத்தவாறு என்னைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கி எப்பவுமே ஒண்ணும் இல்ல. எனுக்குத் தெரியும், உனுக்கும் தெரியும். அடுத்த ஊசி போட்டதும் மறக்காம எத்துகினு வா."

கொண்டுபோகிறேன். இப்போதெல்லாம் தெருமுனையை நெருங்கும்போதே பார்க்கிறேன்: தெருவுக்கு முதுகுகாட்டி அமர்ந்திருப்பவர், என் வண்டியின் சத்தம் கேட்டு, நான் போய்ச் சேருமுன்பே எழுந்து நிற்கிறார்.