கம்பத்தில் கட்டிக்கிடந்தபடி கேட்ட பயாலஜி பாடம்

காவியா, கார்த்தி, இதை உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், கொடுத்த காபி ஆறுவதற்குள், "எங்க அப்பா லைட் கம்பத்துல தொங்குன கதை தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். நான் தொங்கவில்லை. கட்டிக்கிடந்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவது, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

மைக் செட் வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெருக்கோடியில் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்றே காது ஓடும். சொந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது கேட்காது. எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்த நேரம், காவியா பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். (கார்த்தி, நீ அப்போது நாலாவது. பஞ்சுமிட்டாய் தின்றதைத் தவிர உனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நீதான் கதையை அதிகமாகச் சொல்கிறாய்.)

பழங்காநத்தத்தில் நம் வீட்டு முன் ரூம்தான் கடை. பின் ரூமில் சுவரே தெரியாமல் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கியிருக்கும். கதவைச் சாத்தினால் வெளியே வெடி போட்டாலும் உள்ளே கேட்காது. அதைவிடப் படிக்க நல்ல இடம் இந்த மதுரையில் உண்டா? காவியாவோடு ஜெனிபரும் பாண்டீஸ்வரியும் வந்து படித்தார்கள். ஜெனிபரின் அம்மா டீச்சர். அதனால் புத்தகத்தைப் பார்த்துத் தப்புப் பிடிக்கிற வேலையை அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டது.

பாண்டீஸ்வரி விஷயம் வேறு. அவள் அப்பா தவமணி அண்ணன் நம் தெருவில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் பெரிய ஆள். பிள்ளை அரையாண்டில் பயாலஜியில் பெயிலாகிவிட்டது. அண்ணன் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார். பாஸானால் காலேஜ். அந்த ஒரு பாடம் போனாலும், எழுமலையில் அவள் தாய்மாமன் மாலையோடு காத்திருக்கிறான். நம் வீட்டுக்குப் படிக்க அனுப்பவும் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "தெருவுல ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கோட நிப்பாட்டிருவேன் தம்பி."

அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ஆனால் கேட்டால் வாய் திறக்காது. எழுதச் சொன்னால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருகிற நாளில் உங்கள் அம்மா சாமி படத்துக்கு ரெண்டாவது தடவை சூடம் காட்டுவாள்.) எத்தனையோ பேர் நடுக்கத்தோடு மேடையேறி, மைக்கைக் கையில் பிடித்ததும் சிங்கமானதைப் பார்த்தவன் நான். முன் ரூம் ஆம்ப்ளிபயரில் நீளமான வயரோடு செருகியிருந்த மைக்கை, அதன் சத்தக் குமிழை இறக்கிவிட்டு எடுத்துப் பாண்டீஸ்வரி கையில் கொடுத்து, "இது சும்மாதான்த்தா, சத்தம் வராது. டீச்சரா நெனச்சுக்கிட்டு இதுங்களுக்கு நீ பாடம் நடத்து" என்றேன். பிள்ளை அன்றைக்கே பேச ஆரம்பித்தது. நான் ஏதோ புது மருந்து கண்டுபிடித்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பங்குனிப் பொங்கல் வந்தது. நம் தெருவுக்கு நம் மைக் செட்தான். பயாலஜிப் பரீட்சைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. சாயங்காலம் முளைப்பாரி கிளம்புகிற நேரத்தில் கரண்டு போய்விட்டது. பாட்டு நின்றது. கரண்டு வந்ததும் பூசாரி அறிவிப்புச் சொல்ல வருவார் என்று, ஆம்ப்ளிபயரில் பாட்டுக் குமிழை இறக்கி மைக் குமிழை முழுசாக ஏற்றி வைத்தேன். தொழில் தெரிந்தவன் அல்லவா, முன்யோசனை. அந்த மைக் பின் ரூமில் பிள்ளைகள் கையில் இருக்கிறது என்பது மட்டும் மறந்துவிட்டது.

வைத்துவிட்டு, கோயில் முன்னால் இருந்த லைட் கம்பத்தில் லொடலொடவென்று ஆடிய ஹாரன் ஸ்பீக்கரை இறுக்கிக் கட்ட ஏணி வைத்து ஏறினேன். கயிறு கட்டாமல் ஏறக் கூடாது என்று உங்கள் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் இடுப்பைக் கம்பத்தோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தேன்; ஹாரனை இழுத்துக் கட்டியதில் அது எட்டாத பக்கம் நகர்ந்திருந்தது. கீழே முளைப்பாரியோடு பெண்கள் வரிசை, அதில் உங்கள் அம்மாவும். பக்கத்தில் தவமணி அண்ணன், பரிவட்டம் கட்டி நிற்கிறார்.

கரண்டு வந்தது. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி, பாண்டீஸ்வரி பேசினாள்.

"ஏடி காவியா, புத்தகத்த மூடு. நம்ம தெருவுல பந்தல் போடுறாங்கல்ல, கருப்பையும் மாசாமாசம் அதத்தான் பண்ணுது. விருந்தாளி வரப்போறாகன்னு செவுரெல்லாம் பூசி, மெத்துமெத்துன்னு ஜமுக்காளம் விரிச்சு வைக்குது."

"எண்டோமெட்ரியம்னு சொல்லு, மார்க்கு அதுக்குத்தான்." இது ஜெனிபர்.

"அதத்தான்டி சொல்ல வாரேன்."

தெருவே அண்ணாந்து பார்த்தது. ஹாரனைப் பார்த்தார்களா, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்களா தெரியாது. ரெண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தது. நான் முடிச்சைத் தேடினேன். கை எட்டவில்லை. முண்டினேன், இன்னும் இறுகியது. பந்தல் போடுகிற ஹார்மோன் எது, காவல் காக்கிற ஹார்மோன் எது என்று பிள்ளை நிறுத்தி நிதானமாக நடத்திக்கொண்டு போகிறது. (ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு வேர்வையிலும், சத்தம் ஒரு எழுத்துக்கூடத் தேயாமல் வருகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது.)

தவமணி அண்ணன் கம்பத்தடிக்கு வந்து நிப்பாட்டச் சொன்னார். கட்டிக்கிடக்கிறேன் என்று மேலிருந்து சொன்னேன். உங்கள் அம்மாவைக் கெஞ்சினேன், நீயாவது ஓடிப்போய் அணையென்று. முளைப்பாரியை இறக்கி வைக்கக் கூடாதாம், அதனால் போக முடியாதாம். அதைச் சொன்ன முகத்தில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

மேலே பாடம் முடிவுக்கு வந்தது. "விருந்தாளி வரல. என்ன செய்வாங்க? பந்தலப் பிரிச்சிருவாங்க. அதுக்குப் பேருதான் மாதவிடாய். அடுத்த மாசம் மறுபடி போடும். அம்புட்டுத்தான்."

அப்போது நம் வீட்டுச் சீமாட்டி காவியா ஒரு கேள்வி கேட்டாள். "அப்பறம் எதுக்குடி அந்த நாள்ல நம்மள ஓரமா ஒக்கார வைக்கிறாங்க?"

பாண்டீஸ்வரி சொன்னாள்: "அது சிலபஸ்ல இல்ல."

முளைப்பாரி வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு வரிசை முழுக்க ஆடியது. வரிசைக்கு வரக் கூடாத நாள் என்று அவரவர் வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றிருந்த ஒன்றிரண்டு பெண்களும் சிரித்ததை உயரத்தில் இருந்த நான் பார்த்தேன்.

தவமணி அண்ணன் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று நம் கடையை நோக்கி நடந்தார். நாளை மறுநாள் பரீட்சை, அந்தப் பிள்ளை படிப்பை என் கையாலேயே முடித்துவிட்டேனே. தேங்காய் உடைக்கிற அரிவாளை யாரோ நீட்ட, கயிற்றை அறுத்துக்கொண்டு, பாதி ஏணியில் இறங்கிப் பாதியை விழுந்து முடித்து, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் ஆம்ப்ளிபயர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எது அணைக்கிற சுவிட்சு என்று கேட்டார். காட்டினேன். விரல் அது பக்கம் போய் நின்றது. தெரு ஹாரனில் அடுத்த பாடம் தொடங்கியிருந்தது.

"இது பாண்டிதானா?" என்றார்.

"ஆமாண்ணே."

"வீட்டுல தண்ணி வேணும்னுகூட வாயத் தொறந்து கேக்காது தம்பி."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"அணைக்காத. சத்தத்த மட்டும் கொறச்சு வையி. கடைசி வீடு வரைக்கும் கேக்க வேணாம்."

குறைத்தேன். அப்படியும் பூசாரிக்கு மைக் வேண்டுமே, போய்க் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. நடந்தது தெரிந்ததும் பாண்டீஸ்வரி ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். காவியா பரீட்சை முடிகிறவரை என்னோடு பேசவில்லை. கமிட்டியில் ஒருவர், சாமி காரியத்தில் இப்படி நடக்கலாமா என்று இழுத்தார். "எம் புள்ள பாடம் சொல்லுச்சு. அதுக்கு என்ன இப்ப?" என்றார் தவமணி அண்ணன். அதோடு தெருவில் பேச்சு அடங்கியது.

அந்த வருஷம் கேள்வித்தாளில் பந்தலே வரவில்லை, பட்டாணிச் செடிதான் வந்ததாம். ஆனாலும் மூன்று பேரும் பாஸ். பாண்டீஸ்வரி இப்போது நர்ஸ், நம் தெருவில் ஊசி என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறோம். நான் எந்த ஊரில் மைக் டெஸ்ட் பண்ணினாலும் யாராவது ஒருத்தன், "அண்ணே, இன்னைக்கு எந்தப் பாடம்?" என்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும். என் மைக்கில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அதில் உருப்படியான பேச்சு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

உங்களிடம் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. பரீட்சை அன்று காலையில் காவியா கிளம்பிப் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். உங்கள் அம்மாவுக்குத் 'தூரம்' என்றால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். பின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை பார்த்துக்கொண்டு, மைக்கை எடுத்து வாய்க்கு நேரே பிடித்து, மாதவிடாய் என்றேன். வாயில் இருந்து காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்று, மறுபடியும் சொன்னேன்.