வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு குட்டி

சாந்தோம், சென்னை-4
14-8-1974

பாசத்துக்குரிய இசக்கியம்மாள் அக்காவுக்குத் தம்பி சண்முகவேல் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கமும் நலம். அங்கே உங்கள் நலத்துக்கும், அத்தான் நலத்துக்கும், தனியாக அத்தானுடைய வலது முழங்காலின் நலத்துக்கும் பதில் எழுதவும்.

நிற்க. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் சேலை விரித்துக் காட்டிவிட்டு, இனி நிம்மதியாக உட்காரலாம் என்று நான் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். அந்த நிம்மதி போன ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் போய்விட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், பேனா இல்லை.

எங்கள் வீட்டுக்காரம்மா ஐரின் டீச்சர் கீழே இருக்கிறார், நாங்கள் மாடியில். அவர் பெர்ல் என்று ஒரு பூனை வளர்க்கிறார். சயாமீஸ் ஜாதியாம். உடம்பு சந்தன நிறம், முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கரி பூசினாற்போல் இருக்கும், கண் நீலம். அதற்கு நாலு தலைமுறை எழுதிய பத்திரம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறது. அக்கா, நாம் தங்கத்தைப் பெண் பார்க்கப் போனபோது இரண்டு தலைமுறைக்கு மேல் கேட்கவில்லை, மூன்றாவதைக் கேட்டதற்கே அவள் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டினார். இந்தப் பூனைக்குக் கொள்ளுப்பாட்டனின் பெயர், பிறந்த ஊர், வாங்கிய பரிசு எல்லாம் இருக்கிறது. மயிலாப்பூரில் ஜலஜா அம்மாள் என்று ஒருவர், பூனைச் சங்கத்தின் காரியதரிசி. அவர் வீட்டில் ராஜா என்று இதே ஜாதியில் ஓர் ஆண் பூனை. மார்ச் கடைசியில் பெர்லை அங்கே கொண்டுபோய் நாலு நாள் விட்டுவிட்டு வந்தார் டீச்சர். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது சார்" என்று எனக்கு ஒரு லட்டும் கொடுத்தார். நானும் யோசிக்காமல் தின்றுவிட்டேன்.

ஜூன் மாதம் நாலு குட்டி. நாலும் சுண்ணாம்பு வெள்ளை. எனக்குப் பகீரென்றது. டீச்சர் சிரித்துக்கொண்டே, "சயாமீஸ் அப்படித்தான் சார் பொறக்கும், கலர் மெதுவா வரும்" என்றார். வந்தது. மூன்று குட்டிக்குத் தாயைப் போலவே கரி நிறம் வந்தது. நாலாவதற்கு மட்டும் இளஞ்சாம்பலில் லேசாக ரோஜா கலந்தாற்போல் ஒரு நிறம் வந்து நின்றது. எங்கள் தொழிலில் அதற்கு வெங்காயச் சருகு என்று பெயர். நான் அதைச் சொன்னதும் டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "சத்தமா சொல்லாதீங்க சார். சங்கத்துப் புஸ்தகத்துல ரெண்டே கலர்தான் உண்டு. கரி, இல்லன்னா நீலம். யார் கேட்டாலும் நீலம்னு சொல்லுங்க" என்றார். பூனைக்காரர்கள் நீலம் என்பது எதை என்று விசாரித்தால், அது சாம்பல், அக்கா. நல்ல அடுப்புச் சாம்பல். நீலம் கேட்டு வந்தவர்களுக்கு நான் சாம்பலை விரித்திருந்தால் முதலாளி அன்றைக்கே என்னை ஊருக்கு ரயிலேற்றியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் சங்கத்தின் பூனைக் காட்சி. கூடை தூக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் என்னை அழைத்துப் போனார். சேட்டு என்கிற ரிக்‌ஷாக்காரர் கூடையைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கூடை கத்திக்கினு கீது?" என்றார். பூனை என்றேன். "பூனைய இஸ்துக்கினு அடையாறா? எங்க பேட்டையில அதுவா வரும், அதுவா பூடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே மிதித்தார். அந்த வார்த்தைக்கு அப்போதே நான் இறங்கித் திரும்பியிருக்க வேண்டும்.

அங்கே ஒரு மண்டபம் நிறையப் பூனைகள், அக்கா, ஒவ்வொன்றுக்கும் வெல்வெட் தலையணை. எனக்கு உட்கார ஸ்டூல் இல்லை. ஜலஜா அம்மாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் கூடையில் நாலாவது குட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். "ஐரின், இது என்ன கலர்?" என்றார். "நீலம்." "இதுவா? எங்காத்து ராஜாவுக்கு இப்படி ஒண்ணு பொறக்காது. உங்க பூனைதான் வெளியில போயிண்டு வந்துண்டு இருந்திருக்கும்." நாற்பது பேர் நடுவில் இதைச் சொல்லிவிட்டார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பெர்ல் வாசப்படி தாண்டினதில்ல. இவர் முப்பத்தெட்டு வருஷம் சேலைக்கடையில இருந்தவரு. கலரை இவர்ட்டயே கேளுங்க" என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

நான் என்ன செய்ய? குட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சேலையைத் திருப்புகிற மாதிரி ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். நீலம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வாய் வெங்காயச் சருகு என்று சொல்லிவிட்டது. உடனே ஜலஜா அம்மாள் புத்தகத்தைப் பிரித்து ஒன்பதாம் விதியை வாசித்தார். அங்கீகாரம் இல்லாத நிறத்தில் பிறந்த குட்டியை வைத்துக்கொள்ளக் கூடாதாம், ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோய்த் தூங்க வைத்துவிட வேண்டுமாம். தூங்கத்தானே, வீட்டிலேயே தூங்குமே என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர் காதோடு அர்த்தத்தைச் சொன்னார். ஊசியாம். ஓர் உயிரை நிறம் சரியில்லை என்று கொல்ல விதி எழுதி, அதற்கு எண்ணும் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "அம்மா, ஒரே தறி, ஒரே சாயத்தொட்டி, ஒரே நெசவாளி. ஆனா ஒரு நாள் பட்டியல்ல இல்லாத ஒரு கலர் வந்து நிக்கும். எங்க மொதலாளி அதுக்கு ஒரு பேரு வச்சுக் கண்ணாடிப் பெட்டியில மாட்டுவாரு. கொளுத்த மாட்டாரு. பேரு இல்லைங்கிறது புஸ்தகத்துக் கொறை, குட்டியோட கொறை இல்ல" என்றேன். குட்டி என் கட்டைவிரலைக் கடித்தது.

பெங்களூரிலிருந்து தீர்ப்புச் சொல்ல வந்திருந்த அப்துல் கரீம் சாயபு புத்தகத்தை வாங்கி, அச்சிட்ட வருஷத்தைப் பார்த்தார். 1935. "சீமையில இந்தக் கலரை ஒத்துக்கிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றார். "இது வரணும்னா தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் ரத்தத்துல ஒளிஞ்சிருக்கணும். பாதி உங்க ராஜா கொடுத்தது." ஜலஜா அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் ஏற்கெனவே ஒரு பாரசீகப் பூனை உட்கார்ந்திருந்தது. அந்த அமளி அடங்கித் தண்ணீர் குடித்த பிறகு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றார். ஒன்பதாம் விதியை அங்கேயே கோடு போட்டு அடித்தார்கள். பட்டியலில் மூன்றாவது நிறமாக வெங்காயச் சருகு என்று எழுதி, ராஜாவின் பத்திரத்திலும் இந்தக் குட்டிக்குத் தகப்பன் என்று சேர்த்து, சாயபு கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

குட்டியை டீச்சர் எங்களுக்கே கொடுத்துவிட்டார். நம் குடும்பத்தில் ஒருவன் வாயால் ஓர் உயிர் பிழைத்தது, ஒரு தாயின் மானமும் நின்றது என்பதை அத்தானுக்கு உரக்க வாசித்துக் காட்டவும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க திருச்செந்தூர் முருகன் துணை.

தங்கள் தம்பி,
சண்முகவேல்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதைத் தங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "கோவிச்சுக்கிடக் கூடாது. மார்ச்சுல டீச்சர் வேளாங்கண்ணி போனப்ப பெர்ல எங்கிட்டதான விட்டுட்டுப் போனாக. பின்வாசல் தொறந்து கெடந்துட்டு. ஒரு பகல் பூரா பட்டினப்பாக்கம் மீன்கடையில இருந்துட்டு வந்துச்சு. மறுநாள்தான் டீச்சர் வந்து அத மயிலாப்பூருக்குக் கொண்டு போனாக" என்கிறாள். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் போய்ப் பார்த்தேன். மீன்கூடை மேல் ஒரு கடுவன் பூனை படுத்திருக்கிறது. அதே வெங்காயச் சருகு முகம், அதே நீலக் கண், காது மட்டும் ஒன்று பாதி இல்லை. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. இப்போது கீழே ஜலஜா அம்மாள் வந்திருக்கிறார், டீச்சரோடு காப்பி குடிக்கிறார், இருவரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எப்படி இறங்கிப் போவதென்று தெரியவில்லை.