ஓய்வெடுத்த முன் அனுபவம்

டென்மார்க்கில் விவாகரத்து மிகவும் மரியாதையான காரியம். கைபேசியில் விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், முப்பத்தொரு வருடக் கலியாணம் முடிந்துவிடும். ஓய்வூதியத்தைப் பிரிப்பதற்குத்தான் நேரில் போய்க் கோப்பி குடிக்க வேண்டும்.

புரொண்பி என்ற ஊரில் இருக்கும் ராசமலர் அக்கா, நகரசபையின் முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். ஆட்களைத் தூக்கித் தூக்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. அடுத்த மாதம் ஓய்வு. ஓய்வூதியத்தை முழுதாக வாங்கி, காலை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. அதில் பாதியைக் கேட்டார், விரலால் தள்ளப்பட்ட கணவர் நித்தியானந்தன் அண்ணை. மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு டேனிஷ் தெரியாமல் இல்லை. தன்னுடைய நியாயம் டேனிஷில் சொன்னால் சின்னதாகப் போய்விடுகிறது என்று ஒரு மனக்குறை.

ஓய்வூதியப் பங்கீட்டுப் பிரிவின் அதிகாரி சிரித்த முகமுள்ள பெண்மணி. எந்த அடிப்படையில் பாதி கேட்கிறீர்கள் என்றார்.

“நான்தானே இவவை ஒவ்வொரு நாளும் காரிலை ஏத்தி இறக்கினது. நான் இல்லாட்டில் இவ வேலைக்கே போயிருக்கேலாது,” என்றார் அண்ணை.

“இறக்கிவிட்டாப் பிறகு என்ன செய்தனீங்கள் எண்டதையும் சொல்லுங்கோவன்,” என்றார் அக்கா.

இரண்டையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி ஆர்வமாக எழுதத் தொடங்கினார். பிறகு என்ன செய்தார்? வீட்டுக்கு வந்து படுத்தார். எதுவரைக்கும்? அக்காவைத் திரும்ப ஏற்றும் வரைக்கும். எத்தனை வருடமாக? அண்ணை வேலை செய்த தொழிற்சாலை மூடிய நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக. சமையல்? அக்கா வந்து சமைப்பார். சனி ஞாயிறு? சங்கக் கூட்டம், அண்ணைதான் செயலாளர். எல்லாவற்றையும் அவர் பெருமையோடுதான் சொன்னார்.

மூன்று வாரத்தில் தீர்ப்புக் கடிதம் வந்தது. ஓய்வூதியம் என்பது வேலை செய்யாமல் இருப்பதற்கான உரிமை. மேற்படி கணவர் அவ்வுரிமையை இருபத்திரண்டு வருடம் முற்கூட்டியே, முழுமையாகவும் திருப்தியாகவும் அனுபவித்து முடித்துவிட்டபடியால், எஞ்சியது அனைத்தும் மேற்படி மனைவிக்கே உரியது.

அக்கா அழுதுவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

மேற்படி மனைவி இதுவரை ஓய்வெடுத்ததற்கான பதிவு எதுவும் விசாரணையில் கிடைக்கவில்லை. முன் அனுபவம் இல்லாத ஒருவரிடம் இவ்வளவு ஓய்வை ஒரேயடியாக ஒப்படைப்பது உடல்நலத்துக்கு ஆபத்து. ஆகவே ‘விழிப்போடு ஓய்வெடுத்தல்’ என்னும் பயிற்சியில் அவர் சித்தியடையும் வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆறு மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு மணிக்கு. இப்போது அலுவலகங்களில் இதுதான் நாகரிகம். மூச்சு விடுவதற்குக்கூட டிப்ளோமா கொடுக்கிறார்கள்.

அக்கா இரண்டு பஸ் மாறி முதல் வகுப்புக்குப் போனார். பாய்கள், தலையணைகள், மெழுகுதிரி. பயிற்சியாளராக நின்றவர் நித்தியானந்தன் அண்ணை. இவ்வளவு நீண்ட அனுபவமுள்ள ஆள் நாட்டிலேயே வேறு அகப்படவில்லையாம். நகரசபையில் நிரந்தர வேலை, ஓய்வூதியமும் உண்டு.

தவணை முடிவில் அக்கா சித்தியடையவில்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் எல்லாருடைய பாயையும் அவரே மடித்து வைத்தாராம்.

“நான் என்ன செய்ய? இவவுக்குச் சும்மா இருக்கத் தெரியேல்லை,” என்றார் அண்ணை.

ஓய்வூதியம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. நொண்டி நொண்டி அக்கா பஸ்ஸுக்கு நடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்தாலும், துணைப் பயிற்சியாளர்கள் தேவை என்று அறிவித்தபோது நானும் விண்ணப்பித்தேன். அயலூரான டோஸ்ட்ருப் வரை நம்மவர்கள் முப்பத்தாறு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அனுபவத்துக்கு மனைவியின் சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். என் மனைவி தவமணிக்கும் நகரசபையில்தான் வேலை. இரண்டு வரி எழுதித் தருவாள் என்று நினைத்தேன்.

ஒன்பது பக்கம் எழுதித் தந்தாள். பிழையில்லாத டேனிஷில், திகதி வாரியாக. கடைசிப் பக்கத்தின் அடியில், பிரதி விவாகரத்து அலுவலகத்துக்கு என்று போட்டிருந்தாள்.