சிறுத்தை தின்னாத ஆடு

கந்தப்பளை

மாதாவின் கிருபையில் அன்புள்ள அன்டன் மச்சான் அவர்களுக்கு,

இராயப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மகன், தங்கள் மருமகன் ஜூட்சனும் உயிரோடும் சளித் தடிமலோடும் இருக்கிறோம். வத்தளையில் நீங்களும் ஷெரோமி அக்காவும் அதைவிட நல்ல நிலையில் இருக்கும்படி மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கும் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். வீட்டில் இப்போது போன் இல்லை. நீங்கள் அவன் படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த அந்தப் போனை இங்கே பக்கத்திலிருக்கும் டெல்சி டீச்சரின் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

உங்கள் தங்கை சிசிலி குவைத்துக்குப் போகுமுன் வாங்கி விட்ட ஆடு போன மாதம் காணாமல் போனது. பட்டியில் கயிறு மட்டும் கிடந்தது. தேயிலை பெக்டரி வேலை முடிந்து வந்த நான் அதைப் பார்த்ததும் சிறுத்தைதான் என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான் மச்சான், லயத்து வீடு அத்தனையும் கூடிருச்சு. மறுநாள் காலையில பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த பொம்பளைங்க கொழுந்து பறிக்க மலைக்கு ஏற மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க, தோட்டத்துத் தொரை ஜீப்புல வந்தாரு, வனவிலங்கு ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினாரு, அவங்க பொறிக் கூண்டோட வந்து சிறுத்தை எவ்வளவு பெருசுன்னு சிங்களத்துல என்னைக் கேட்டாங்க. நான் பார்த்திருந்தால்தானே? அத்தனை பேர் முன்னால பார்க்கலைன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு கையையும் விரிச்சேன். "வாலோடயா?"ன்னாரு ஒருத்தர். "வால் தனி"ன்னேன். ஜூட்சன் பக்கத்துலயே நின்னான். சிரிக்கவே இல்ல.

மூணாம் நாள் பக்கத்து வீட்டுச் செல்லசாமி, கோழி எறைச்சியில மருந்து வச்சு அதைக் கொல்லப் போறேன்னு கிளம்பினாரு. பய ஓடிப்போயி அவரு கையைப் புடிச்சுக்கிட்டான். "வைக்காதீங்க மாமா. சிறுத்தை ஒண்ணும் பண்ணல. ஆட்ட நான்தான் டவுன்ல வித்தேன்."

போன்ல கிரிக்கெட் மேச்சுக்குப் பந்தயம் கட்டுறாங்களாம் மச்சான். ஒவ்வொரு பந்துக்கும் கட்டலாமாம். பதினாறு வயசுப் புள்ளைய எப்படிடா சேர்த்தாங்கன்னு கேட்டா, என்னோட ஐடென்டிட்டி கார்டைப் படம் புடிச்சுப் போட்டிருக்கான். சட்டப்படி பார்த்தா பந்தயம் கட்டினது இராயப்பன். மொதல்ல ஜெயிச்சப்ப கேக் வாங்கிட்டு வந்தான். ஏதுடான்னு நான் கேட்கல. ரெண்டு துண்டு தின்னேன். அப்புறம் தோத்த காசுக்கு ஆடு போயிருச்சு.

அடிச்சேன். அடிச்சிட்டு நான்தான் அழுதேன். சத்தம் கேட்டு வந்த டெல்சி டீச்சர், "அடிச்சா இனி ஒளிச்சுப் பந்தயம் விளையாடுவான் அண்ணே. ஸ்கூல் விட்டதுலருந்து நீங்க வர்ற வரைக்கும் அவன் கூட யாரு இருக்காங்க?"ன்னாங்க. யாருமில்ல. அவனும் அதையேதான் சொன்னான்: "விளையாடுறப்ப வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்கும்பா." அடுப்புக்கு வெறகு வைக்கப் போயிட்டேன்.

ஆகவே மச்சான், என்னால் பிள்ளையைக் காக்க முடியவில்லை. சனிக்கிழமை பஸ் ஏற்றி விடுகிறேன். உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். சிசிலிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை போடவும்.

தங்கள் தங்கை புருஷன்,
இராயப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அவன் வாசித்துவிட்டான். பையை எடுத்து உடுப்பு அடுக்கினான். அடியில சிசிலியோட பச்சை சுவெட்டரை வச்சான். "வத்தளை வெக்கைக்கு இது எதுக்குடா?"ன்னேன். "அம்மா வாசம் இருக்கு"ன்னான். மச்சான், சனிக்கிழமை நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதீங்க. நான் அவனை அனுப்பல. ஸ்கூல் விட்டதும் பெக்டரிக்கு வந்து எனக்காகக் காத்திருக்கணும், ரெண்டு பேருமா வீட்டுக்கு நடக்கணும்னு பேசி வச்சிருக்கோம். இன்னைக்குத்தான் மொத நாள். கொட்டுற மழை, வரமாட்டான்னு நெனச்சேன். வந்தான்.