அக்காவின் சம்பந்தமும் நகத்தளவு வைஃபையும்

வீட்டில் ஒருவன் கொஞ்சம் கணினி படித்துவிட்டால் போதும், மிக்ஸி பழுதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்ல அவனுக்கும் வாய் வராது. எனக்கு வரவேயில்லை.

அக்காவுக்கு ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருந்தார். ஞாயிறு காலை வீடியோவில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் கைநழுவிய கவலையில் அம்மா பாதியாகியிருந்தார்.

"போனில வேண்டாம். எல்லாரும் வரிசையா இருந்து பெரிய திரையில கதைக்கவேணும்" என்றார்.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கணினியின் வைஃபையோ எப்போதோ செத்துவிட்டது. "சின்ன வேலை அம்மா" என்றேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.) சனிக்கிழமை பின்னேரம் காலி வீதிக் கடையொன்றில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினேன். நகத்தளவுதான். "டிரைவர் சிடி உள்ளுக்கு இருக்கு மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார் கடைக்காரர். எங்கள் கணினியில் சிடி போட இடமே இல்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை அடாப்டரைச் செருகினேன். கணினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. டிரைவர் என்பது புதுச் சாமானைக் கணினிக்கு அறிமுகம் செய்துவைக்கும் மென்பொருள், ஏறக்குறையக் கலியாணத் தரகர் மாதிரி. தரகர் இல்லாததுதான் குறை என்று முடிவுகட்டினேன். போனை வயரால் கணினியில் இணைத்து, அந்த இன்டர்நெற்றில் டிரைவர் தேடினேன். எங்கே பார்த்தாலும் 'டவுன்லோட்' என்று பச்சைப் பொத்தான்கள். ஒன்று சீட்டாட்டத்தை இறக்கியது. இன்னொன்று என் கணினி குப்பை என்று திட்டியது.

சேலையோடு வந்து எட்டிப் பார்த்தாள் அக்கா. "தம்பி, போன் வயரால நெற் வருகுதெல்லே? அதாலேயே கதைப்பமே?"

"உனக்கு உது விளங்காது, போ!"

அடுத்த பொத்தானை அமுக்கினேன். திரை நீலமானது. பிறகு கறுப்பானது. அப்படியே இருந்துவிட்டது.

கடைசியில் என் போனுக்கு முன்னால் எல்லோரும் தலைகளை முட்டிக்கொண்டு இருந்தோம். பாதி அம்மாவும் அக்காவின் ஒரு காதும்தான் தெரிந்தன. போச்சு, மூன்றாவது சம்பந்தமும் என்னால் போச்சு என்று எனக்கு வியர்த்தது. ஏன் போனில் என்று மாப்பிள்ளை கேட்டதும் நடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அந்த அடாப்டரை ஒருக்காக் காட்டும் பாப்பம்" என்றார் அவர். கமராவுக்கு முன்னால் பிடித்தேன். "செருகிற வாய்க்குள்ள என்ன மஞ்சளா இருக்கு?"

"சந்தனம் தம்பி" என்றார் அம்மா பெருமையாக. "புதுச் சாமானெல்லே, நேற்றே சாமிப் படத்துக்கு முன்னால வைச்சு நான்தான் பூசினனான். வெளியில பூசினால் இவன் துடைச்சுப்போடுவான். அதுதான் உள்ளுக்கு."

பல் தெரியாமல் சிரிக்கவேண்டும் என்று கட்டளையிடப்பட்டிருந்த அக்கா வெடித்துச் சிரித்தாள். அம்மா அவளைக் கிள்ளினார். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு அவருடைய அம்மா திரைக்குள் வந்தார்.

"ஏன் சிரிக்கிறியள்? வைக்கத்தானே வேணும்! நானும் இஞ்ச புதுக் காரின்ர திறப்புக்கு வைச்சனான்" என்று கார்ச் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு இரண்டு அம்மாக்களும் கதைத்தார்கள், கதைத்தார்கள், எங்களை மறந்தே போனார்கள். சம்பந்தம் அன்றே முடிவானது.

கலியாண வீட்டில் அத்தான் என்னைத் தன் நண்பர்களுக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "என்ர மச்சான். சந்தனத்துக்கு டிரைவர் தேடினவர்." போன மாதம் வீடியோவில் அக்காவின் சின்ன மகள் என்னைக் கண்டதும் "சந்தன மாமா!" என்று கத்தினாள். என் உண்மையான பெயரை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.